கிழக்குக் கடலில் ஒரு அந்திப் படம்

'தப்பு' என்ற சொல்லைத் தன்னைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லாமல் ஒரு மனிதர் அரை ஆயுளுக்கு மேல் வாழ்ந்துவிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில், பக்கத்துக் காம்பராவில் இருந்தார். மற்றவர்களுடைய தப்பைச் சொல்வதில் அவருக்கு எந்தச் சிரமமும் கிடையாது. தன்னுடையது என்று வந்தால் மட்டும், அந்தச் சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைக் கைவசம் வைத்திருந்தார்.

"அதுல ஒரு விசயம் இருக்கு."

வட்டவளை டவுனில் ஓட்டோ ஓட்டினார். என் அப்பாவுக்கு மச்சான் முறை, எனக்கு மாமா. இரத்த உறவு ஒன்றுமில்லை. ஒரே லயத்தில் ஒரே கூரைத் தகரத்தின் கீழ் பிறந்து வளர்ந்தால் முறை தானாக வந்துவிடும். அவருடைய மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை தோட்டத்தில் கொழுந்து பறித்தார்.

ஒருமுறை றொசல்லையில் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் மாமாவின் ஓட்டோவில் போனோம். பனி என்றால் அப்படிப் பனி. முன்னால் போகிற லொறியின் சிவப்பு லைட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மாமா ஒரு முச்சந்தியில் தைரியமாகத் திருப்பினார். ஏறினோம், ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். கடைசியில் பாதை ஒரு தண்ணீர்த் தொட்டியின் அடியில் போய் முடிந்தது. பட்டுச்சேலையும் மடியில் பித்தளைக் குத்துவிளக்குமாக அம்மா அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வழி மாறி வந்துட்டோமோ?"

"அதுல ஒரு விசயம் இருக்கு தங்கச்சி. மெயின் ரோட்டுல மண் சரிஞ்சிருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதான் இப்புடி வந்தேன்."

"இப்புடி வந்தா ரோடே இல்லையேண்ணே."

"மண்ணும் சரியலதானே?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா முகத்தில் வெற்றிக்களை. "தாலி கட்டுறத வீடியோவுல பாத்துக்கலாம் தங்கச்சி. பந்திக்குச் சரியாக் கொண்டாந்து விட்டேனா இல்லையா?" என்றார். பந்திக்குச் சரியாகத்தான் வந்திருந்தோம்.

அந்த நாட்களில் நான் டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை பார்த்தேன். போனுக்குக் காசு ரீலோட் போடுவது, போட்டோகொப்பி எடுப்பது, போனில் இருக்கிற படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது. கடைக்கும் ஓட்டோ ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். சவாரி இல்லாத நேரங்களில் மாமா உள்ளே வந்து தன் போனை நீட்டுவார். போன் வாங்கியதிலிருந்து அவருக்குப் படம் எடுக்கிற பித்துப் பிடித்திருந்தது. கோயில் தேர், புதுப் பாலம், ஓட்டோவில் ஏறிய ஆட்டுக்குட்டி, எதையும் விடமாட்டார். எல்லாப் படத்திலும் இடது மூலையில் சிவப்பாக, உருண்டையாக ஒன்று எட்டிப் பார்க்கும்.

"மாமா, உங்க விரலு விழுந்திருக்கு."

"விரலா? நல்லாப் பாரு. அது தூரத்து மலை."

"மலையில நகம் இருக்கு மாமா."

"அதுல ஒரு விசயம் இருக்கு" என்று ஆரம்பித்து, போன் கம்பெனிக்காரன் கமெராவை எந்த இடத்தில் வைக்க வேண்டும், எந்த இடத்தில் வைத்துவிட்டான் என்று விளக்குவார்.

அவருக்கு நிறைவேறாத ஆசை ஒன்றும் இருந்தது. சூரியன் மறைவதை முழுசாகப் படம் பிடிக்க வேண்டும். எங்கள் பக்கம் அது நடக்காது. பின்னேரமானால் பனி இறங்கிவிடும். பனி இல்லாத நாளில் மலை குறுக்கே நிற்கும். "நம்ம ஊருல சூரியன் எங்கன மறையுது? கடன்காரனக் கண்டவன் மாதிரி ஒளியுது" என்று சலித்துக்கொள்வார். லயத்துக்குப் பின்னால் தேயிலை மலையில் ஏறி அவர் எடுத்த அந்திப் படங்கள் எல்லாமே சாம்பல் நிறத்தில், ஈரத் துணியைப் படம் எடுத்தது மாதிரி இருக்கும்.

இதுவரைக்கும் சொன்னது சிரிக்கிற பக்கம். தப்பை ஒத்துக்கொள்ளாத குணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பார்த்தபோது எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாமாவுக்கு ஒரே மகள், சுதா. என்னோடு படித்தவள். கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்தபோது திருகோணமலைப் பையன் ஒருவனை விரும்பினாள். படகு எஞ்சின் திருத்துகிறவன், பெயர் ரமணன். வீட்டுக்கு வந்து முறையாகத்தான் கேட்டார்கள். மாமா முடியாது என்றார். கடற்கரைக்காரனுக்கும் மலைக்காரிக்கும் ஒத்து வராதாம். தண்ணி ஒத்துக்காதாம், வெயில் ஒத்துக்காதாம். உண்மையான காரணம், மகள் தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்பது. சுதா போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டாள். மாமா போகவில்லை, அத்தையையும் விடவில்லை. ஸ்டாண்டில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, "ஆறு மாசம். வாசல்ல வந்து நிக்குதா இல்லையா பாருங்க" என்றார்.

ஆறு மாதம் போனது. ஒரு வருஷம் போனது. சுதா வரவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதுதான் மாமாவுக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது. அடித்து விரட்டினான், குடிக்கிறான் என்று ஒரு செய்தி வந்திருந்தால் அவரே ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்திருப்பார். நன்றாக இருக்கிற மகளை என்ன சொல்லிப் போய்ப் பார்ப்பது? அவள் பெயரைச் சொல்வதை நிறுத்தினார். ஒரு பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அன்றைக்கு மாமா பகல் முழுக்க ஓட்டோவைக் கழுவினார். கழுவின ஓட்டோவையே திரும்பவும் கழுவினார்.

அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ரீலோட் போடுகிற சாக்கில் என் கடைக்கு வருவார். உள்ளே மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, என் போனில் வீடியோ கோல் எடுத்து மகளையும் பேத்தியையும் பார்ப்பார். இது மாமாவுக்குத் தெரியக்கூடாத பெரிய இரகசியம். ஆனால் அத்தை மலைக்கு மலை கூப்பிட்டுப் பேசிப் பழகியவர். போனிலும் அப்படித்தான். "அம்மாச்சி பாரு! அம்மாச்சிக்கு முத்தம் குடு!" என்று அவர் இரகசியம் பேசினால் எதிர்க் கடை பேக்கரிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எங்கள் லயத்தாரும் ஸ்டாண்ட்காரர்களும் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து ட்ரிப் போவது வழக்கம். அந்த வருஷம் கடலுக்குப் போவதென்று முடிவானது. எல்லோரும் நீர்கொழும்பு என்றார்கள். மாமா மட்டும் திருகோணமலை என்று நின்றார்.

"கோணேசர் கோயிலும் கும்பிட்டுக்கலாம். சூரியன் கடல்ல மறையிறதையும் படம் புடிச்சிக்கலாம். அந்த அழகு வேற எங்கயும் கெடையாது."

ஸ்டாண்டில் அவருக்கு அடுத்த ஓட்டோ செல்வத்துடையது. மாமாவோடு மல்லுக்கட்டாவிட்டால் செல்வத்துக்குச் சோறு இறங்காது. "மச்சான், அது கெழக்குப் பக்கம். அங்கன சூரியன் உதிக்கும். மறையிறது நீர்கொழும்புப் பக்கம்."

"உதிக்கிற எடத்துலதான்டா மறையும். காலையில வீட்டவிட்டுப் போறவன் பொழுதுபட்டா எங்க வருவான்? வீட்டுக்குத்தானே வருவான்?"

அந்த வாதத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. சரியான வாதம் என்பதால் இல்லை, எந்தப் பக்கம் பிடித்து மறுப்பது என்று தெரியாததால். ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் பேசிப் பேசி எல்லோரையும் களைக்க வைத்தார். கடைசியில் கோயிலுக்காகவாவது போவோம் என்று பெண்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் அளவில் இரகசியமாக, "இந்த மனுசனோட கிறுக்கு நமக்கு நல்லதாப் போச்சுடி. பொழுதுபடுற நேரம் அவரு கடற்கரையில படம் எடுத்துக்கிட்டு இருப்பாரு. நான் தலைவலின்னு சொல்லிட்டு சுதா வீட்டுக்குப் போயிட்டு வந்திர்றேன். நீ அவர அந்த எடத்தவிட்டு அசையவிடாமப் புடிச்சி வச்சிக்க" என்றார். நான் சரியென்றேன். முன் சீட்டில் மாமா சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குவதாகத்தான் நான் நினைத்தேன்.

பின்னேரம் திருகோணமலை போய்ச் சேர்ந்து, ஒரு மடத்தில் சாமான்களை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு மடத்திலேயே தங்கிவிட்டார். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் கசங்கிவிடும் என்று தனிப் பையில் மடித்துக் கொண்டுவந்த சட்டை. முகம் வழித்து பவுடர் போட்டிருந்தார். சூரியனைப் படம் எடுக்க எதற்கு இத்தனை அலங்காரம் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரமில்லை, நான் காவலில் இருந்தேன்.

அது கஷ்டமான காவல். மாமா கடலைப் பார்க்காமல் அடிக்கடி திரும்பி ரோட்டையே பார்த்தார். ரோட்டில் அத்தை நடந்து போவதைக் கண்டுவிட்டால் முடிந்தது கதை.

"மாமா, அலையப் பாருங்க, எவ்வளவு பெருசு."

"பாத்தேன் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ரோட்டைப் பார்ப்பார்.

"மாமா, அங்க கப்பல்."

"கப்பல் எங்க போகப்போகுது, நிக்கட்டும்."

ஒருவழியாக, "நேரமாச்சு, எல்லாரும் வரிசையா நில்லுங்க" என்று சத்தம் போட்டார். கடலுக்கு முதுகைக் காட்டி எங்களை நிறுத்தினார். உயரமானவர்கள் பின்னால், பிள்ளைகள் முன்னால் மணலில். எங்களுக்குப் பின்னால் சூரியன் கடலில் இறங்கும், அதையும் எங்களையும் சேர்த்து எடுப்பதாக ஏற்பாடு. அவர் எங்களைப் பார்த்துப் போனைத் தூக்கினார்.

"கண்ண மூடாதீங்க!"

"கூசுதுங்கண்ணே" என்றாள் செல்வத்தின் மனைவி.

"ஏன் கூசுது?"

அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். சூரியன் மாமாவின் முதுகுக்குப் பின்னால், ரோட்டுக்கு அப்பால் பனைமரங்களுக்கு நடுவே சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பின்னால் இருந்த கடல் கருநீலமாக, சூரியனுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது மாதிரிக் கிடந்தது. பஸ் டிரைவர் சிங்களப் பையன். அவன் முதலில் சிரித்தான். மாமாவின் தோளைத் தட்டி, "அங்கிள், இர மே பெத்தே நே!" என்று பனைமரப் பக்கம் கையைக் காட்டினான். சூரியன் இந்தப் பக்கமல்லவா!

அவ்வளவுதான். செல்வம் மணலில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். "மச்சான், வீட்டுக்கு வரவேண்டிய சூரியன் வழி மாறிப் போயிருச்சுடா!" என்றார் செல்வம்.

மாமா திரும்பி சூரியனைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அதுல ஒரு விசயம் இருக்கு" என்றார்.

நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். மற்ற நாட்களில் அந்த வாக்கியம் முடியும் முன்பே விசயம் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. அவர் கண் ரோட்டுக்குப் போனது, அங்கேயே நின்றுவிட்டது.

நானும் பார்த்தேன். மணலில் இறங்கி அத்தை வந்துகொண்டிருந்தார், ஒளிவு மறைவு இல்லாமல். அவரோடு சுதா. பின்னால் ரமணன், தோளில் ஒரு சின்னப் பெண். அத்தையின் முகத்தில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. கிட்ட வந்ததும் என் கையைப் பிடித்து, "நான் கூட்டியாரலடி. அதுகளாத்தான் கெளம்பி நின்னுச்சுக" என்றார்.

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. மாமாவும் சுதாவும் நாலு முழ தூரத்தில் நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ரமணன்தான் வாயைத் திறந்தான்.

"மாமா போன கிழமையே எனக்கு ஃபோன் எடுத்தவர். பொழுது சாயிற நேரம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வரச் சொன்னவர். அத்தைக்குச் சொல்ல வேண்டாமெண்டும் சொன்னவர்" என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாக விளக்கம் சொன்னான்.

அத்தை வாயைப் பிளந்தார். மூன்று வருஷமாகத் தான் புருஷனை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்த மனுஷி, ஒரே நிமிஷத்தில் தானே ஏமாந்து நின்றார்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மாப்பிள்ளை இப்படி ஊரறியப் போட்டு உடைப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தொண்டையைச் செருமினார். பிறகு மகளைப் பார்த்து, வேலை ஏவுகிற குரலில், "வெளிச்சம் போவுது. கடலுக்கு முதுகக் காட்டி நில்லும்மா" என்றார்.

சுதா போய் நின்றாள். அத்தை ஒரு பக்கம், பிள்ளையோடு ரமணன் ஒரு பக்கம்.

"கண்ணத் தொறந்து நில்லு."

"கூசுதுப்பா" என்றாள் சுதா. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"சூரியன் அப்புடித்தான். கூசத்தான் செய்யும்" என்றார் மாமா. எடுத்தார், திரும்பத் திரும்ப எடுத்தார்.

அன்றிரவு மாமாவும் அத்தையும் மடத்துக்கு வரவில்லை. மகள் வீட்டில் நடந்ததைச் சுதா பிற்பாடு எனக்குச் சொன்னாள். மீன் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாராம். வீட்டைச் சுற்றிப் பார்த்து, கூரை உயரமாக வைத்திருப்பது நல்லது என்றாராம். சாப்பாட்டுக்குப் பிறகு சுதா தாங்க முடியாமல் கேட்டிருக்கிறாள்.

"ஆறு மாசத்துல வாசல்ல வந்து நிப்பேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களாமேப்பா?"

"அதுல ஒரு விசயம் இருக்கு. வந்து நிக்கும்னுதான் சொன்னேன். யாருன்னு சொன்னேனா? என்னயத்தான் சொன்னேன். கொஞ்சம் லேட்டாப் போச்சு."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு மன்னிப்பை எதிர்பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதுவே போதும் என்று விட்டுவிட்டாளாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு செல்வம் சும்மா இருப்பாரா? கடற்கரையில் மகளைக் கண்டதையெல்லாம் விட்டுவிட்டார். அது அடுத்தவர் வீட்டு விஷயம், அதைத் தொடாத நாகரிகம் அவருக்கு இருந்தது. சூரியனை மட்டும் விடவில்லை. சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இவரு யாரு தெரியுமா? கெழக்குல சூரியன மறைய வைக்கப் போனவரு" என்று மாமாவை அறிமுகம் செய்தார். ஒருநாள் ஸ்டாண்டே கூடி நிற்கும்போது நேராகவே கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லு மச்சான். சூரியன் எந்தப் பக்கம் மறையும்?"

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். இந்தக் கேள்விக்கு என்ன விசயம் வரப்போகிறதோ என்று ஆவல்.

"எனக்குத் தெரியாமப் போச்சுடா" என்றார் மாமா.

"என்ன மச்சான், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று செல்வம் கேட்டது என் காதில் விழுந்தது.

அன்றைக்கே மாமா படங்களைப் பிரிண்ட் போட உள்ளே வந்தார். மிஷினிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர் எடுத்ததிலேயே நல்ல படங்கள் அவைதான். சூரியனைப் பார்த்து எடுக்கும் அந்திப் படத்தில் மனிதர்கள் கறுப்பாகத்தான் விழுவார்கள். இதில் வெயில் நேரே முகத்தில் அடித்து, எல்லோரும் மஞ்சள் பூசிக் குளித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சுதாவின் கண்ணீர்கூடத் தெரிந்தது. மூலையில் வழக்கமான விரல். மணலில் மாமாவின் நீண்ட நிழல், மகளின் கால்வரைக்கும் போய் விழுந்திருந்தது.

நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "மாமா, சூரியன் அங்க கடல்ல மறையாதுன்னு ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

அவர் பலகைச் சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கெழக்கு மேக்குத் தெரியாமலாடி இத்தன வருசமா ஓட்டோ ஓட்டுறேன்?"

"அப்பறம் ஏன் செல்வம் மாமாகிட்ட அப்புடிச் சொன்னீங்க?"

"தெரியும்னா, பெறகு எதுக்குடா அங்க போனன்னு கேப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கப் படங்களை அடுக்கினேன். "இவ்வளவு தூரம் போயி, ஆசப்பட்ட சூரியன் படம் ஒண்ணுகூட இல்லையே மாமா."

"யாரு சொன்னா சூரியனப் பாக்கலைன்னு? மறுநாள் விடியக்காலையில நானும் பேத்தியும் கடற்கரைக்குப் போனோம். நீங்கள்லாம் மடத்துல தூங்கிக்கிட்டு இருந்தீங்க. முழுசாக் கடலுக்குள்ளருந்து எந்திரிச்சு வந்துச்சு, பாரு. இம்மாம் பெருசு."

"அத ஏன் எடுக்கல?"

மாமா என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ரெண்டு கையிலயும் புள்ள இருந்துச்சே. எப்புடி எடுக்கிறது?"